பங்கேற்பாளர் ஏழு

டுலூத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு
ஏரி உறைந்து கிடக்கிறது,
என் நான்காம் அத்தியாயமும்.
ஆறு மணிக்குப் பணிமனையைத் திறக்க வேண்டும்.
இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான்
நான் முனைவர் ஆகவேண்டும்.

நாற்பத்தொன்பது வயது.
பனி வழிக்கும் லாரிகள் இருபத்தாறு,
ஓட்டுநர்கள் முப்பத்தொருவர்,
பல்கலைக்கழகத்துக்குக் கட்டவேண்டிய தவணை இன்னும் ஐந்து.
சனிக்கிழமைகளில் ஹாக்கி அரங்கின் வாசலில்
ஸ்டியரிங் மேல் மடிக்கணினியைச் சாய்த்துப் படிப்பேன்.
இந்தப் பருவத்தில் சோரன் மூன்று கோல் போட்டான்.
மூன்றாவது விழுந்தபோது
ஓர் அடிக்குறிப்பில் காற்புள்ளியை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

தலைமைத்துவம் பற்றி
இருநூற்றுப் பதினான்கு கட்டுரைகள் படித்தாயிற்று.
ஒன்றிலும் உப்பில்லை.
பழித்துச் சொல்லவில்லை, நிஜமாகவே உப்பு இல்லை:
ஜனவரி இரவில் இருக்கிற உப்பு பாதி ஊருக்குத்தான் என்றால்
எந்தப் பாதிக்கு என்று யார் சொல்வது,
சொன்னவரிடம் மறுநாள் யார் பேசுவது.
அதை எழுதத்தான் வந்தேன்.

சொந்த ஆட்களைப் பேட்டி எடுக்கக் கூடாது,
நெறிமுறைக் குழுவின் விதி.
எழுபது மைல் ஓட்டி அடுத்த மாவட்டத்துக்குப் போனேன்.
பதினொரு பேர். பெயரைக் களைந்து எண்ணை உடுத்தினேன்.

ஏழாமவர் ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றியபடி சொன்னார்:
"நல்ல மேலதிகாரி யாரு?
கெட்ட சேதி சொல்ல நேர்ல வர்ற ஆளு.
நல்ல சேதிக்குக் கடுதாசி போதும்."
பச்சை வண்ணமிட்டேன்.
அத்தியாயத்தின் நெற்றியில் வையுங்கள் என்றார்
பேராசிரியர் விட்லாக்.
வைத்தேன்.

அக்டோபரில் இரண்டு மாவட்டப் பணிமனைகளும் ஒன்றாயின.
அவர்களும் என் கீழே வந்தார்கள்.
நவம்பரில் மேலிருந்து ஒரு பட்டியல், நான்கு இடம் குறைப்பு.
அதில் எண்கள் இல்லை, பெயர்கள் இருந்தன.
இரண்டாவது, ஓர்வெல் கங்காஸ்.
அந்தப் பெயருக்கு எந்த எண் என்பது
கடவுச்சொல் போட்ட ஒரு கோப்புக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.
தெரியும் என்பதை வைத்து
நான் எதுவும் செய்யக் கூடாது.
செய்யவுமில்லை.

மின்னஞ்சலே போதும் என்றது மனிதவளத் துறை,
வாசகம்கூட இணைத்திருந்தார்கள்.
நான் எழுபது மைல் ஓட்டினேன்.
முந்தின இரவு கொட்டித் தீர்த்திருந்தது.
சாலை கறுப்பாக, ஈரமாக, பிடிப்பாக இருந்தது.
அந்த வழித்தடம் அவருடையது.
உப்பிட்டவரை நினைக்கவேண்டுமாம்.
நினைத்துக்கொண்டேதான் போனேன்,
கைப்பையில் அவருடைய வேலைநீக்கக் கடிதத்தோடு.

நின்றபடியே படித்தார்.
மடித்தார். எனக்கும் ஒரு மூடி காபி ஊற்றினார்.
என் கைதான் நடுங்கியது.
அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அன்னைக்கு நான் சொன்னது தப்பு.
நீங்க கடுதாசியே அனுப்பியிருக்கலாம்.
இப்ப பாருங்க, உங்களுக்கும் சேர்த்து
நானே ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கு."

இதைச் சேர்க்க முடியாது.
ஒலிப்பதிவு இல்லை, ஒப்புதல் படிவம் இல்லை,
தரவு திரட்டும் காலம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது.
பச்சை வாக்கியம் மட்டும் அத்தியாயத்தின் நெற்றியில்
திலகம் மாதிரி இருக்கிறது, அழிக்கவும் காரணமில்லை.
ஒவ்வொரு விடியலிலும் அதைத் தாண்டித்தான்
உள்ளே போகிறேன்.

கடைசியில், ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில்
ஒரு வரி எழுதி அனுப்பினேன்:
'பங்கேற்பாளர்கள் பின்னாளில் மனம் மாறியிருக்கக்கூடும்.'
விட்லாக் ஓரத்தில் கேட்டிருக்கிறார்:
ஆதாரம் எங்கே?

ஆறாகப் பத்து நிமிடம்.
பூட்ஸில் முழங்கால் வரை வெள்ளை பூத்திருக்கிறது.
ஈரத்துணியால் துடைத்தால் போகும்,
காய்ந்ததும் திரும்ப வரும்.